நேர்ந்துவிட்ட முடி

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். அதனால் பின்னல் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் அம்மாவின் முட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் திருப்பினால் சீப்பாலேயே மண்டையில் ஒரு போடு வாங்கி வளர்ந்தவர்கள்தானே எல்லாரும்.

போன மாதம் கொச்சி வைட்டிலாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தன் சின்னப் பெண்ணைக் கீழே உட்கார வைத்து, போனைப் பார்த்துப் பார்த்து, தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மண்டையோடு ஒட்டி, வரப்பு வரப்பாக. என்னடி இது என்று கேட்டேன்.

"இது முடியைக் காப்பாத்துற பின்னல்மா. ஒருக்கா போட்டா ரெண்டு ஆழ்ச்சைக்கு அவுக்க வேண்டாம். உதிராது" என்றாள். ஆழ்ச்சை என்றால் இங்கே வாரம்.

குழந்தையின் புருவங்கள் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நின்றன. அழவில்லை. டிவியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எதைப் பார்த்தாலும் பேடிதான், பயம்தான் என்பாள். அவள் சொல்வதும் பொய்யில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகு கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழெழுத்து அப்பா சிலேட்டில் எழுதிக் காட்டித் தந்தது. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மழைக்காலத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

மட்டாஞ்சேரிக் கடைவீதிக்குப் பின்னால், ஒரு பாண்டிகசாலைச் சுவரை ஒட்டி எங்கள் வரிசை வீடுகள் இருந்தன. பாண்டிகசாலை என்றால் சரக்கு மூட்டை அடுக்குகிற பெரிய கிட்டங்கி. அம்மா அங்கே சுக்குப் பொறுக்கப் போனாள். சாயங்காலம் திரும்பி வரும்போது கண்ணிமை, காதோரம் எல்லாம் சுக்கில் பூசுகிற சுண்ணாம்புத் தூசியில் வெளுத்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் சுக்கின் காரம் போகாது. அந்த விரலால் வகிடு எடுத்தால் மண்டை எரியும். வீட்டுக்கு யாராவது வந்து சுக்குக் காப்பி போடட்டுமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தலைதான் முதலில் எரிகிறது.

அப்பாவுக்கு முனிசிபாலிட்டி வேலை. மட்டாஞ்சேரியைச் சுற்றி ஓடுகிற தோடுகளில், அதாவது கழிவு கலந்த வாய்க்கால்களில், இடுப்பளவுக்கு இறங்கிச் சேறு வாருகிற வேலை. மழைக்கு முந்தின வேனலில் அவருக்கு நெஞ்சில் நோய் வந்தது. முதலில் இருமல். பிறகு மூச்சு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் படுத்திருந்தார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மருந்து கொடுங்கள், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். "பார்க்கலாம்" என்று டாக்டர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது. எங்களுக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்த அன்றைக்கே அம்மா என்னை விளக்குக்கு முன்னால் நிறுத்தினாள். என் உச்சந்தலையில் கையை வைத்து, சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இவர் எழுந்து நடக்கட்டும். இவ முடியை இடுப்புக்கு வளத்து, பழநிக்குக் கொண்டுவந்து, ஒரு மயிர் குறையாம எறக்கித் தர்றேன்."

பழநிக்கு முடி நேர்வது நமக்கெல்லாம் புதிதா. எனக்கும் தம்பிக்கும் முதல் மொட்டை அங்கேதான். ஆனால் "ஒரு மயிர் குறையாமல்" என்று அவள் சொல்லியிருக்க வேண்டாம். அவசரத்தில் வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு அதைத் திரும்பி எடுக்க அவளுக்குத் துணிவில்லை.

அன்றிலிருந்து என் முடி என்னுடையது இல்லை. சீப்பில் வந்த முடியை மற்ற வீடுகளில் சுருட்டித் துப்பி வெளியே எறிவார்கள். எங்கள் வீட்டில் ஒரு பால்பொடி டின் வந்தது. தரையில் விழுந்தது, சீப்பில் சிக்கியது, தலையணையில் ஒட்டியது எல்லாவற்றையும் அம்மா பொறுக்கி, விரலில் சுற்றி, டின்னில் போட்டாள். சாமிக்குச் சேர வேண்டியது அல்லவா. மூடியில் ஒரு குண்டுப் பிள்ளையின் படம் இருக்கும், கன்னம் மட்டும் துருப்பிடித்து. அந்த டின் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அம்மாவின் கொம்புச் சீப்பும் அப்படித்தான் எங்கேயோ போய்விட்டது.

அப்புறம் பின்னல். இறுக்கிப் பின்னினால்தான் முடி வளரும் என்று அம்மா நம்பினாள். உங்கள் அம்மாக்களும் நம்பியிருப்பார்கள். அவிழ்த்து விட்டால் தூசி படும், பேன் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே கண் படும். எவ்வளவு நீளம் என்று நாலு பேர் பார்க்கக் கூடாது. அதனால் மிளகு போட்டுக் காய்ச்சின எண்ணெயைத் தலை நனையத் தேய்த்து, இரண்டாகப் பிரித்து, காதுக்கு மேலே இருந்தே இழுத்து முறுக்கி, நுனிவரை பின்னி, மடித்து மேலே கட்டி, சாக்குத் தைக்கிற சணல் நூலால் முடிச்சுப் போடுவாள். ரிப்பன் வழுக்குமாம். முடிச்சுப் போட்டு முடித்ததும் என்னால் கண்ணை முழுதாக மூட முடியாது. பக்கத்து வீட்டுச் சேச்சி வாசலில் மீனைக் கழுவிக்கொண்டே இதைப் பார்ப்பாள். அவளுடைய பெண்கள் குளித்துவிட்டு ஈர முடியை விரித்துப் போட்டு, நுனியில் மட்டும் ஒரு சின்ன முடிச்சோடு நடப்பார்கள்.

"எந்தினா சேச்சி கொச்சினெ இங்ஙனெ கரயிக்கணெ? நிங்ஙள் பாண்டிகளுக்குத் தலமுடியும் கயிறும் ஒண்ணு தானோ" என்று அம்மாவைக் கேட்பாள்.

குழந்தையை ஏன் இப்படி அழவைக்கிறாய் என்கிறாள்; தமிழர்களைப் பாண்டி என்றுதான் அங்கே சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கெட்ட மனசு இல்லை. அம்மாவும் சிரித்தபடியே, உங்க புள்ளைங்க முடி மீன் கொழம்புல கிடக்கும், எங்க புள்ள முடி மண்டையில கிடக்கும் என்று பதில் சொன்னாள். அந்த வருஷத்தில் அம்மா சிரித்தது எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

மழை தொடங்கியது. கொச்சி மழை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. துணி காயாது, சுவர் காயாது, முடியும் காயாது. முன்பெல்லாம் அம்மா ஒரு சட்டியில் கனல் போட்டு, சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் என் முடியை விரித்துக் காயவைப்பாள். அப்பாவுக்கு இப்போது புகை ஆகாது. சாம்பிராணிப் புகை பட்டாலே இருமி இருமிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அதனால் புகை நின்றது. ஈர முடியையே பின்னினாள். ஈர முடி காயும்போது இன்னும் இறுகும். வகுப்பில் பத்துமணிக்கு மேல் எனக்குக் கணக்கு எதுவும் காதில் விழாது. இரண்டு காதுக்கு மேலேயும் யாரோ பிடித்துத் தூக்குகிற மாதிரி இருக்கும்.

ஆனாலும் நான் ஒரு நாளும் தளர்த்தவில்லை. அம்மா நேர்ந்தது என்னவோ, அப்பா எழுந்தால் முடி என்றுதான். என் புத்தியில் அது தலைகீழாக விழுந்திருந்தது. முடி இடுப்புக்கு வந்தால் அப்பா எழுந்துவிடுவார். அதனால் வலித்தால் எனக்கு ஒரு சமாதானம். வளர்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் வகிடு எடுக்கும்போது அம்மாவின் கை நின்றுவிட்டது. காதுக்கு மேலே விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நெற்றி ஓரத்தில் தேய்த்தாள். இரண்டு பக்கமும் முடி போய், புளியங்கொட்டை தோலுரித்த மாதிரி வழவழப்பாக இருந்தது. டின்னில் முடி ஏறிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும், எங்கிருந்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா எழுந்து போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், கன்னம் ஒட்டி. அவள் மனசில் ஓடின கணக்கு எனக்கு அப்போதே தெரிந்தது. என் மனசிலும் அதே கணக்குதான். அங்கே குறைகிறது, இங்கேயும் குறைகிறது.

கண் பட்டுவிட்டது என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் அப்பா இருமினார். வழுக்கை விழுந்த இடத்தில் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். பிறகு மற்ற முடியை அந்த இடத்தின்மேல் இழுத்து மூடி, முன்பைவிட இறுக்கமாகப் பின்னினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கால் அரிப்புக்கு மகள் என்னை ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்ன வயசுப் பெண். காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவள் என் நெற்றி ஓரத்தைப் பார்த்து, கேட்காமலே சொன்னாள், குழந்தையாக இருந்தபோது ரொம்ப இறுக்கிக் கட்டியிருப்பார்கள், இழுத்து இழுத்து வேர் செத்துவிட்டது, கொஞ்சம் தளர்த்தி விட்டிருந்தால் அப்போதே திரும்ப முளைத்திருக்கும் என்று. அரிப்புக்கு ஒரு களிம்பு எழுதித் தந்தாள். அவ்வளவுதான். நான் வெளியே வந்து வெகுநேரம் செருப்பைத் தேடினேன். காலிலேயே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் முதலில் கண்டது எனக்குப் பின்னால் உட்காருகிற பெண். "மொட்டப் பாண்டி" என்று மெதுவாகச் சொன்னாள். மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்க அதுதான் என் பெயர். ஒட்டுகிற நோய் என்று யாரோ வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் என்னைத் தனியாக ஜன்னலோரம் உட்கார வைத்தார். பிறகு, முடியை ஒட்ட வெட்டி, மருந்து தேய்த்து, குணமான பிறகு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா வேலையிலிருந்து அப்படியே, தூசியோடு, பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பறைக்கு வெளியே நின்று நேர்ச்சை முடி டீச்சர், வெட்டக் கூடாது என்றாள். டீச்சர் கெட்டவர் இல்லை. அவரும் கோவிலுக்குப் போகிறவர்தான்.

"நேர்ச்சை எனக்கு மனசிலாவும். மத்த குட்டிகளோட அம்மமாரும் மனசிலாக்கணுமே" என்றார்.

அம்மா என் பையை எடுத்து, என் கையைப் பிடித்து, மழையில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கொஞ்ச நாள்தான் என்று வழியெல்லாம் சொன்னாள். அப்பா எழுந்துவிடுவார், மொட்டை அடித்துவிடலாம், அப்புறம் மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனால் யார் என்ன சொல்ல முடியும் என்றாள். எவ்வளவு நேராக இருந்தது அந்தக் கணக்கு.

அன்றைக்கு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சண்டை போட்டார். மூச்சு வாங்க வாங்க, நடுவில் நிறுத்தி நிறுத்தி. வெட்டிவிட்டு நாளைக்கே பள்ளிக்கூடம் அனுப்பு என்றார். அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் உசுரு இவ மண்டையிலயா இருக்கு?" என்று கேட்டார்.

அம்மா தலையைத் தூக்காமலே, "வேற எங்க இருக்கு, சொல்லுங்க. நான் அங்க போயிப் புடிச்சிக்கறேன்" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. ஆமாம் இங்கேதான் இருக்கிறது என்று தலையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நடுவில் கும்பளங்கியிலிருந்து சித்தி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு இறால் வளர்க்கிற கெட்டில் வேலை. இலையில் பொதிந்து செம்மீன் கொண்டுவருவாள், இறாலுக்கு அங்கே அதுதான் பேர். என் தலையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டினாள். பெண் குழந்தைக்குப் பூமுடி கொடுத்தால் போதும், நுனியில் மூன்று விரல்கடை வெட்டி மஞ்சள் துணியில் முடிந்து வை, மற்றதை வெட்டிவிடு, சாமி என்ன கோபித்துக்கொள்ளப் போகிறதா என்றாள். அவள் சொன்னது நியாயம். ஒரு கத்தரிக்கோலில் தீர்ந்திருக்கும். அம்மாவும் கொஞ்ச நேரம் யோசித்தாள், எனக்குத் தெரியும், சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அதன் பல்லை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "முழுசாத் தர்றேன்னு சொல்லிட்டு நுனியக் காட்டினா, அவனும் நுனியத்தானடி காட்டுவான்" என்றாள்.

சித்தி செம்மீனை உரித்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் இத்தனை வயசுக்கும் யாரிடமும் சொன்னதில்லை. கர்க்கடக மாசம், நம் ஆடி, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கப்பலுக்குச் சரக்கு போக வேண்டும் என்று அம்மாவை விடியும் முன்னே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பின்ன நேரமில்லை. நான் தலைவிரிகோலமாக, பதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வா பாப்பா. நான் போட்டு விடறேன்."

கட்டிலுக்குக் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அப்பாவின் கை என் தலையில் பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தோட்டில் வேலை செய்த கை, சொரசொரவென்று இருக்கும். ஆனால் மெதுவாக, சிக்கை நுனியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். வழுக்கை விழுந்த இடம் வந்தபோது விரல் சுற்றிப் போனது, தொடவில்லை. பின்னிக்கொண்டே, வலிக்குதா என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"வலிக்கணும்பா. இன்னும் இறுக்குங்க" என்றேன்.

கை நின்றது.

"வலிச்சாத்தான் வளரும்னு யாரு சொன்னா?"

நான் தலையை இன்னும் பின்னால் தள்ளிக் கொடுத்தேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்காக இழுத்து இறுக்கப் பார்த்தார். பலமில்லை. இரண்டு இழுப்புக்குள் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கினதும், பின்னலை என் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டு, நல்லாருக்கு என்றார். தோளில் அது பூனைக்குட்டி மாதிரி லேசாகக் கிடந்தது. அன்றைக்குப் பகல் முழுக்க மண்டை வலிக்கவில்லை. கண் முழுதாக மூடியது. மத்தியானம் அவர் கட்டில் பக்கத்திலேயே தரையில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டேன். அவர் பார்க்க அதை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் அம்மா வந்து பார்த்தாள். அவிழ்த்து, மறுபடி இறுக்கிப் போட்டாள்.

மழை ஓய்ந்து, வெயில் அடித்து, பக்கத்து வீட்டுச் சேச்சியின் பெண்கள் ஓணப் பூக்களத்துக்குப் பூப் பறிக்கத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை அப்பா போய்விட்டார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். தம்பி வாசலில் அந்தப் பெண்களோடு இருந்தான். அப்பா சீரக வெள்ளம், சீரகம் போட்ட தண்ணீர்தான், கேட்டார், சூடாக்கிக் கொண்டுபோனேன். டம்ளரை வாங்கவில்லை. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா. தலையில் கைவைத்துப் பார்த்தேன். பின்னல் இறுக்கமாகத்தான் இருந்தது. முடிச்சு அவிழவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அப்படியென்றால் எங்கே தவறியது என்று நின்றபடியே யோசித்தேன். தளர்வாக இருந்தது அந்த ஒரு பகல்தான்.

அது அப்படியில்லை என்று எனக்கு இப்போது தெரியும். நெஞ்சில் சேறு கட்டினவருக்கு என் தலையில் என்ன இருந்தால் என்ன. தெரிந்து என்ன செய்ய. எனக்கு வலிக்காமல் இருந்த ஒரே பகல் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் கை தானாகத் தலைக்குப் போகிறது.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு முட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தாள். நான் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டேன். இழுப்பு வரவில்லை. எண்ணெய் இல்லாமல், ஏதோ மூன்று கால் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு, நுனியில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி விட்டாள்.

"இறுக்கிப் போடும்மா" என்றேன்.

"இனி எதுக்குடி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் இல்லாத சாமானைக் கேட்டால் இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். சித்தியிடமிருந்து கத்தரிக்கோல் வாங்கி வைத்திருக்கிறேன், மத்தியானம் வெட்டிவிடுகிறேன், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போ, டீச்சரிடம் சொல்லிவிட்டேன் என்றாள். சொல்லிவிட்டு வேலைத் துணியை உதறிக் கட்டிக்கொண்டு, வாசலில் தம்பியின் மூக்கைத் துடைத்து விட்டாள். தம்பிக்கு இரண்டு நாளாகச் சளி. அவன் இருமினான். சாதாரண இருமல்தான், மழை போய் வெயில் வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வருவது. அம்மாவும் தெருவில் இறங்கும்போது ஒருமுறை இருமினாள்.

நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அம்மா போட்டதை அவிழ்த்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய் எனக்கு நானே பின்னிப் பழக்கமில்லை. இரண்டு மூன்று தடவை நழுவியது. அப்புறம் வந்துவிட்டது. காதுக்கு மேலிருந்து இழுத்து, முறுக்கி, நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் இறுக்கி முடிச்சுப் போட்டேன். மத்தியானம் அம்மா கத்தரிக்கோலோடு கூப்பிட்டபோது இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா இருந்தாள். தம்பி இருந்தான். என் முடியில் பிடித்து வைக்க இன்னும் இந்த இரண்டு பேர் இருந்தார்கள்.